வீட்டில் ஆள் இல்லை

இலத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் முன்பு மர அறுப்பு மில்லாக இருந்த ஷெட்டில், பார்சல் பிரிக்கிற மெஷின் வந்து இறங்கியபோது எல்லோருக்கும் வேலை போய்விடுமோ என்று கவலை. ஆனந்தவள்ளிக்கு மட்டும் வேறு கவலை. துட்டி ரேக்கை எங்கே நகர்த்தி வைப்பார்களோ என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரேக்கின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவளைப் பைத்தியக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

மெஷின் வருவதற்கு முன்னால் பார்சல்களை ஷெட் தரையில் கொட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஊர்வாரியாகப் பிரிப்பார்கள். தென்காசி டவுன் ஒரு குவியல், செங்கோட்டை ஒரு குவியல், இலஞ்சியும் குற்றாலமும் சேர்ந்து ஒரு குவியல். அந்தக் கடைசிக் குவியலை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீடுவீடாகக் கொடுக்கிறவன் பாண்டி. நல்ல பையன்தான், ஆனால் கண் ஓரிடம் கவனம் ஓரிடம். ஒருநாள் மேலகரத்தில் ஒரு வீட்டு வாசலில் பந்தலையும் நாற்காலிகளையும் கண்டு, கல்யாண வீடு என்று நினைத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டான். கையில் குக்கர் பெட்டி.

"சங்கரபாண்டிங்கிறது யாருங்க? ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான்.

சங்கரபாண்டி நடு வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்தார். அவருடைய போன் மகனின் சட்டைப்பையில் டிங் என்று சத்தம் கொடுத்தது. மகன் எழுந்து வந்தான். ஓடிபியா சொல்வான்? பளார் என்று ஒன்று விட்டான். பாண்டி குக்கரோடும் வீங்கிய கன்னத்தோடும் ஷெட்டுக்குத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தச் சாவு வீட்டு வாசலையும், எங்கள் பக்கம் துட்டி வீடு என்பார்கள், அவன் மிதித்ததில்லை.

அன்றைக்கு ஆனந்தவள்ளி, மில்காரர்கள் விட்டுப்போன ஓர் இரும்பு ரேக்கைத் துடைத்துச் சுவரோரமாக நிறுத்தினாள். துட்டி வீட்டுக்கு வருகிற பார்சல் எதுவானாலும் அதில் ஏறிவிடும். பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த பிறகுதான் கீழே இறங்கும். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. யார் வீட்டில் துட்டி என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தென்காசி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். இவள் நின்று, பெயர், தெரு, மகன் மருமகள் வரைக்கும் படித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். மிச்சத்துக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கிறது. சாவு வீட்டில் போய் நெயில் பாலிஷ் பெட்டியை நீட்டுகிற அநியாயம் தன் கையால் நடக்காது என்பதில் அவளுக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையை அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை. காட்டிக்கொள்ளாத பெருமைதான் ஆளுக்குள் ஆழமாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

மெஷின் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கறுப்பு பெல்ட் ஒன்று ஷெட்டைச் சுற்றி ஓடும். நடுவில் ஒரு வளைவு. பெட்டி அதற்குள் நுழைந்ததும் மேலும் பக்கத்திலுமாக இருக்கிற கேமராக்கள் கண்ணைச் சிமிட்டும். பெட்டி எந்த ஊருக்கு என்று அதற்குள் மெஷினுக்குத் தெரிந்துவிடும். அந்த ஊருக்கான சறுக்கின் முன்னால் வந்ததும், பெல்ட்டுக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் திரும்பிப் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளும். பெட்டி சறுக்கி வந்து கீழே விழும். பிள்ளைகள் பார்க்கில் சறுக்குவதுபோல இருந்ததால் லோடு ஆட்கள் அதற்குச் சறுக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த என்ஜினியர்கள் வேறு ஏதோ பெயர் சொன்னார்கள். அது அவர்களோடு போய்விட்டது.

வேலை யாருக்கும் போகவில்லை. உட்கார்ந்து பிரித்தவர்கள் நின்று அடுக்கினார்கள், அவ்வளவுதான். மேனேஜர் ஸ்டான்லி, பாளையங்கோட்டைப் பையன், சின்ன வயசு, வேலையில் கறார். ஆனந்தவள்ளியை இலஞ்சி–குற்றாலம் சறுக்கின் அடியில் நிறுத்தினான். ரேக்கும் தப்பித்து அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது.

ஆனால் இந்த மெஷினுக்கு ஒரு குணம். எந்தப் பெட்டியும் சும்மா ஓரிடத்தில் இருக்கக் கூடாது. மத்தியானத்துக்குள் வேனில் ஏறாத பெட்டி, ஏன் ஏறவில்லை என்று காரணம் சொல்லாவிட்டால் ஸ்டான்லியின் திரையில் சிவப்பாக மின்னும். காரணம் சொல்வது பாண்டியின் கையிலிருக்கும் கன்னில். அது துப்பாக்கிபோல் இருக்கிற சின்ன ஸ்கேனர். அதில் பட்டன்கள் இருந்தன. 'முகவரி தவறு.' அது பொய். 'வாங்க மறுத்தார்.' அது இன்னும் பெரிய பொய். 'வீட்டில் ஆள் இல்லை.' இது ஆனந்தவள்ளிக்குப் பொய்யாகவே படவில்லை. அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் போனது உண்மைதானே!

பாண்டியிடமிருந்து கன்னை வாங்கி அதை அமுக்குவாள். சிவப்பு அணைந்துவிடும். மறுநாள் காலையில் லோடு ஆட்கள் வந்ததும் முதல் வேலையாக முந்தின நாள் நின்றுபோன பெட்டிகளை எடுத்து மறுபடி பெல்ட்டில் ஏற்றுவார்கள். அவை சுற்றி வந்து அவள் சறுக்கில் விழும். துட்டி வீட்டுப் பெட்டியை எடுத்து ரேக்கில் வைத்துவிட்டு மறுபடி பட்டனை அமுக்குவாள். மெஷினுக்கும் சம்மதம், அவளுக்கும் சம்மதம்.

ஆனி முடிகிற சமயம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தொடங்குமுன், காலைக் கூட்டத்தில் ஸ்டான்லி ஒரு புது விதி சொன்னான். இனிமேல் வருகிற ஒரு பெட்டிக்கு மூன்று தடவை 'வீட்டில் ஆள் இல்லை' என்று வந்தால், நான்காம் நாள் மெஷின் அதை ஊர்ச் சறுக்குக்கு அனுப்பாது. திருப்பி அனுப்புகிற சறுக்கில் தள்ளிவிடும். அங்கிருந்து மதுரை லாரி. ஆனந்தவள்ளி அதை நன்றாகவே காதில் வாங்கினாள். அந்த விதி வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டாள். அவள் ரேக்கில் இருந்த வீடுகளில் ஆட்கள் நிறைந்து வழிந்தார்கள் அல்லவா? தான் அமுக்குகிற பட்டனைத்தான் ஸ்டான்லி சொல்கிறான் என்று அவள் மண்டையில் உறைக்கவே இல்லை. சிரிக்காதீர்கள். நாள் முழுக்கப் பொய் என்று நினைக்காமல் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

அந்த வாரம்தான் சொரிமுத்து செத்துப்போனார்.

இலஞ்சியில் ஆனந்தவள்ளி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு முறைக்குச் சித்தப்பா. அவர் மனைவி முப்பிடாதியம்மாளுக்குப் பல வருடமாகக் காது கேட்காது. காது மெஷின் வைத்தால் கேட்கும். சீசன் தொடங்கி முதல் தண்ணீர் விழுந்த அன்று இரண்டு பேரும் பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். அருவியைக் கண்ட சந்தோஷத்தில் சித்தி மெஷினைக் கழற்ற மறந்து தலையைக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், மெஷின் செத்தது. சித்தப்பா திட்டிப் பார்த்தார். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு தெருவில் நின்று பட்டாளத்துப் பரேடு மாதிரி கையை ஆட்டித்தான் அவளிடம் பேசுவார். சாப்பாட்டுக்கு ஒரு சைகை, மழைக்கு ஒரு சைகை. தெருவே பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் காலையில் பால் பாக்கெட்டோடு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். சித்தி அடுப்படியில் இருந்தாள். பாக்கெட் கீழே விழுந்த சத்தமும் அவளுக்குத் தெரியாது.

ஆனந்தவள்ளி துட்டிக்குப் போனாள். பெண்கள் வட்டமாகத் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியம்மாள் ஒவ்வொருத்தி வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தவள்ளிக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு எந்தத் துட்டியிலும் வராது. தன் அப்பாவுக்கே வரவில்லை. அதற்குப் பதிலாக பால் விடாமல் வரக்காப்பி போடுவாள், தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள், யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பார்ப்பாள். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டும் அவள் அழவில்லை.

சாம்பல் கரைத்த மறுநாள் சறுக்கில் ஒரு சின்னப் பெட்டி வந்து விழுந்தது. மேலே சொரிமுத்து என்று பெயர். உள்ளே என்ன என்று போடவில்லை. சித்தப்பாவுக்கு டார்ச் லைட், முட்டிக்குப் போடுகிற பட்டி என்று எதையாவது வரவழைக்கிற பழக்கம் உண்டு. 'பாவம், செத்த மனுசன் பேருக்கு டார்ச் லைட்டு' என்று நினைத்துக்கொண்டாள். கன்னை வாங்கி அமுக்கினாள். 'வீட்டில் ஆள் இல்லை.' பெட்டியை ரேக்கின் மேல் தட்டில் மற்றவற்றிலிருந்து தள்ளி மரியாதையாக வைத்தாள். அடுத்த நாளும் அமுக்கினாள், அதற்கடுத்த நாளும்.

அந்த மூன்றாவது நாள் சாயங்காலம் வேலை முடிந்து துட்டி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள்ளே ஈரத் துண்டும் பேச்சுமாக ஆட்கள். செங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பழைய பட்டாளக்காரர் முப்பிடாதியம்மாள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொரிமுத்து தன்னைப் பனியில் முதுகில் தூக்கிக்கொண்டு நடந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். முப்பிடாதியம்மாள் அவர் வாயைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் எழுந்து, துட்டி வீட்டு வழக்கப்படி போய்வருகிறேன் என்று சொல்லாமல் போனார். கண்ணைத் துடைத்துவிட்டு முப்பிடாதியம்மாள் நிமிர்ந்தபோது எதிரே யாருமில்லை.

மகள் சங்கரேஸ்வரி திருப்பூரில் கட்டிக்கொடுத்தவள். ஆனந்தவள்ளியைக் கண்டதும் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எக்கா, ஒனக்கு அந்த விலக்குப் பார்சல் கம்பெனியிலதானே வேல?"

"ஆமா. என்னட்டி?"

"அப்பா சாவதுக்கு முந்தி அம்மைக்குக் காது மெஷின் புக் பண்ணிருந்தாவக்கா. தென்காசிக்கு வந்துட்டுன்னு மெசேஜும் வந்துட்டு. பெறவு தெனமும் வீட்டில் ஆள் இல்லை, வீட்டில் ஆள் இல்லைன்னு வருது. இந்த வீட்லயா ஆளு இல்ல? உக்கார எடமில்லாம தெருவுல சேர் போட்டுருக்கோம்! அந்த வேன்காரப் பய வாசல்ல வந்து ஒரு சத்தம் குடுத்தானா? என் கையில கெடச்சான்னா தொலிய உரிச்சிருவேன்."

ஆனந்தவள்ளி வாயைத் திறந்தாள். அதற்குள் சங்கரேஸ்வரி மேலே பேசத் தொடங்கிவிட்டாள்.

"அம்மைக்கு ஒண்ணுமே கேக்கலக்கா. வாரவிய எல்லாம் அப்பாவப் பத்தி என்னென்னமோ சொல்லுதாவ. எனக்கே தெரியாத கதையெல்லாம் சொல்லுதாவ. அம்மை என் மூஞ்சியப் பாக்கா, என்ன சொல்லுதாவன்னு. அழுதுக்கிட்டே நான் எதைன்னு எழுதிக் காட்ட? பதினாறு கழிஞ்சா எல்லாரும் போயிருவாவ. நானும் போயிருவேன். அதுக்குள்ள அவ காதுல ஏறிச்சின்னா நாலு பேர் பேசுதயாவது கேப்பா."

"நாளைக்குக் கொண்டாந்துருதேன்" என்றாள் ஆனந்தவள்ளி. வெளியே வந்து தெருவில் நின்றபோதுதான் முழுசாக உறைத்தது. மரியாதை, மரியாதை என்று மேல் தட்டில் தூக்கி வைத்தாளே, சித்தியின் காதையல்லவா தூக்கி வைத்திருக்கிறாள்!

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினாள். அதற்குள் லோடு ஆட்கள் வழக்கம்போல ரேக்கைக் காலிசெய்து எல்லாவற்றையும் பெல்ட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பரவாயில்லை, சுற்றி வரத்தானே போகிறது என்று சறுக்கின் அடியில் கையை ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு மிக்சி வந்தது. ஒரு புடவைப் பெட்டி வந்தது. துட்டி ரேக்கிலிருந்த வேறு இரண்டும் வந்தன. சின்னப் பெட்டி மட்டும் வரவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று நின்றாள். பெல்ட் காலியாக ஓடத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு ஸ்டான்லியின் விதி ஞாபகம் வந்தது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஸ்டான்லியின் கண்ணாடி அறைக்கு ஓடினாள். அவன் திரையில் தேடிப் பார்த்தான்.

"ரிட்டர்ன்ல போயிருக்குக்கா. மூணு தடவ ஆள் இல்லன்னு போட்டுருக்கு. மதுர லாரி இப்பத்தான் வெளிய போச்சு."

விலக்கில் லாரி திரும்புகிற ஹாரன் சத்தம் அறைக்குள் கேட்டது.

ஆனந்தவள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். ரேக்கு, பட்டன், சித்தப்பா, காது மெஷின், சங்கரேஸ்வரி. எதையும் மறைக்கவில்லை. ஸ்டான்லி முகம் சிவந்தது. லாரி டிரைவருக்குப் போன் போட்டான். பெட்டிகளை அடைத்த கூண்டெல்லாம் சீல் வைத்தாகிவிட்டது, உடைத்தால் என் வேலை போய்விடும் என்று டிரைவர் சொல்லிவிட்டான். மதுரைக்குப் போன் போட்டான். ஆடித் தள்ளுபடிச் சரக்கு மலைபோலக் குவிந்து கிடக்கிறது, அதில் கையால் தேட முடியாது, பெட்டி நம்பரைச் சொன்னால் மெஷினில் போட்டு வைக்கிறோம், அது கேமரா முன்னால் வருகிறபோது தானாகத் தனியே தள்ளிவிடும், தென்காசிக்கே திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள்.

"எப்ப வரும்?" என்றாள் ஆனந்தவள்ளி.

"அது மொறை வாரப்பதான் வரும்."

"பதினாறுக்குள்ள வருமா?"

"அக்கா, மெஷினுக்கு உங்க சித்தப்பா பதினாறு தெரியுமா?" போனைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "நீங்க கெட்டதுக்குச் செய்யல, எனக்குத் தெரியுது. ஆனா ஒரு போனப் போட்டு, இந்த மாதிரி ஒரு பார்சல் வந்துருக்கு, இப்பக் கொண்டாரவா பெறவு கொண்டாரவான்னு கேட்டா என்ன?"

துட்டி வீட்டுக்குப் போன் போட்டுப் பார்சலைப் பற்றிக் கேட்பதா! அப்படி ஒன்று செய்யலாம் என்பதே அவளுக்கு இத்தனை நாளில் தோன்றியதில்லை. மற்ற இரண்டு பெட்டிகளும் யாருடையவை, உள்ளே என்ன இருக்கும் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

அன்றைக்கே ரேக்கைக் கழற்றினார்கள். ஸ்டான்லி நட்டுகளைத் திருக, அவள்தான் தட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு வீட்டுக்கும் போன் போட்டாள். ஒரு வீட்டில் பிறகு என்றார்கள். இன்னொரு வீட்டில், இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம், உடனே அனுப்புங்கள் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலை என்று ஒன்று இருந்தது, நினைப்பு என்று வேறொன்று இருந்தது. பெட்டி விழுகிற ஒவ்வொரு தடவையும் கை முந்தியது. சங்கரேஸ்வரி முதல் இரண்டு நாள் போன் செய்தாள். 'மதுரைக்குப் போயிட்டு, வந்துரும்' என்றாள் ஆனந்தவள்ளி. அது எப்படி மதுரைக்குப் போயிற்று என்பதைச் சொல்லவில்லை. சங்கரேஸ்வரி வேன்காரனைத் திட்டினாள். ஆனந்தவள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து போன் வரவில்லை. துட்டி வீட்டுப் பக்கம் போகாமல் ஆனந்தவள்ளி பின்தெரு வழியாக வீட்டுக்குப் போனாள்.

வந்தது. பதினாறாம் நாளன்று மத்தியானத்துக்கு மேல் வந்தது. மதுரை மெஷினுக்கு அவள்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அந்த நம்பர் கேமரா முன்னால் வந்தது, தள்ளிவிட்டது. சின்னப் பெட்டி தென்காசி பெல்ட்டில் ஏறி, வளைவுக்குள் நுழைந்து, சக்கரம் திரும்பி, சறுக்கி, அவள் கையில் வந்து விழுந்தது. ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது.

"ஏலே பாண்டி, வண்டிய எடுலே" என்றாள்.

பாண்டி மறுபேச்சுப் பேசவில்லை. வழியில் மட்டும் கேட்டான். "எக்கா, அந்தச் சங்கரேஸ்வரி என்னத் தேடிக்கிட்டிருக்காளாமே?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

"என்னன்னு சொல்லுவிய?"

அவள் பெட்டியின் நசுங்கிய மூலையை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பாண்டி தெருமுனையில் வேனை நிறுத்திக்கொண்டான். அங்கிருந்து ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலேயே விசேஷம் முடிந்து, சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போயிருந்தார்கள். வாடகைப் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. சங்கரேஸ்வரி சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்தாள். அவளும் புருஷனும் பிள்ளைகளோடு தென்காசி டவுனில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறோம் என்று போயிருப்பதாகப் பந்தல்காரர் சொன்னார்.

உள்ளே முப்பிடாதியம்மாள் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே சித்தப்பாவின் படம், மாலை, விளக்கு. படத்துக்கு அடியில் அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. ஆனந்தவள்ளி போய் முன்னால் உட்கார்ந்து பெட்டியை நீட்டினாள். முப்பிடாதியம்மாள் பெயரைப் பார்த்தாள். அந்தப் பெயரின் மேல் விரலை ஒரு தடவை ஓட்டினாள். பிறகு ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பிய்க்கத் தொடங்கினாள்.

ஆனந்தவள்ளி அப்போதுதான் சொன்னாள்.

"சித்தி, நாந்தான் நிறுத்தி வச்சேன். பாண்டி இல்ல. நாந்தான் ஆள் இல்லன்னு அமுக்குனேன். துட்டி வீடாச்சே, தொந்தரவு பண்ணக் கூடாதேன்னு வச்சேன். உள்ள என்னன்னு தெரியாது சித்தி. தெரிஞ்சா வப்பனா?"

முப்பிடாதியம்மாள் குனிந்து டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆனந்தவள்ளிக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள். கேட்காத காதுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம் அவளுக்கே அசிங்கமாகவும் இருந்தது.

மெஷின் வெளியே வந்தது. பழையதைப் போலவேதான், காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி. முப்பிடாதியம்மாள் பழகின கையால் பொத்தான் பேட்டரியைப் போட்டு மூடினாள், காதில் மாட்டினாள், ஓரத்தில் இருந்த சின்னத் திருகை விரலால் உருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே பந்தல் கம்பு ஒன்று தரையில் விழுந்தது. அவள் தோள் அசைந்தது.

அதே நேரம் படத்துக்கு அடியில் இருந்த போன் டிங் என்றது. தெருமுனையில் பாண்டி கன்னில் அமுக்கியிருப்பான். சொரிமுத்து அவர்களே, உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது.

"அவிய போனு" என்றாள் முப்பிடாதியம்மாள். எழுந்திருக்கப் போனவள் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பிறகு ஆனந்தவள்ளி பக்கம் திரும்பினாள். "என்னமோ சொல்லிக்கிட்டிருந்தியே, என்ன?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"ம்." ஒரு கை காதிலேயே இருந்தது. "வீடு எவ்வளவு சத்தமில்லாம கெடக்கு பாரு. மெஷின் வேல செய்யலியோன்னு இருந்துது எனக்கு."

ஆனந்தவள்ளி கீழே கிடந்த டேப்பைப் பொறுக்கிக் காலிப் பெட்டிக்குள் போட்டாள்.

"எத்தன சனம் வந்துது தெரியுமா? ஆம்பளையாளு எல்லாம் வந்து அழுதாவ. செங்கோட்டைலருந்து ஒருத்தர் வந்து எவ்வளவோ நேரம் பேசுனார். என்ன பேசுனாருன்னு தெரியல. பொம்பளையாளு வாயத் தொறக்காளுவ, மூடுதாளுவ. கண்ணுல தண்ணி வருது. சத்தம் வரல. எனக்கு ஒரு நெனப்பு வந்துது ஆனந்தம், வெளிய சொல்லக் கூடாது. இவ்வளவு பெரிய மனுசன் செத்ததுக்கு ஒருத்தரும் சத்தம் போட்டு அழலையேன்னு. கிறுக்குதானே? அழுதுருப்பாவ. எனக்குத்தான் கேக்கல."

"எல்லாரும் அழுதாவ சித்தி. தெருவே அழுதுது."

"நீ சொல்லுத. நான் கேக்கலியே." முப்பிடாதியம்மாள் கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள். கெஞ்சுகிற குரல் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "எல்லாரும் போயிட்டாவ. நீதான் இருக்க. ஒருக்க அழுவுட்டி. அவியளுக்கு அழுத சத்தத்த ஒருக்க நான் கேட்டுக்கிடுதேன்."

அப்பாவுக்கு அழாதவள், எந்தத் துட்டியிலும் அழாதவள், ஆனந்தவள்ளி வாயைத் திறந்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு, "சித்தப்பா" என்று ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பந்தல் அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முப்பிடாதியம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு விரலைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருகை உருட்டி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டாள்.